வெள்ளித்துறைக் கம்பியில் பழுது

கம்பி வழியாகச் சேதி போகிறது என்பதை ஜனங்கள் பாதி நம்பியும் பாதி நம்பாமலும் இருந்த காலம். தந்தி மரத்தில் காதை ஒட்டிவைத்து, கொழும்பில் இருக்கும் மகன் இருமுகிறானா என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டது என்று சத்தியம் செய்தவர்களும் உண்டு. ஒருத்தி அந்த மரத்திடமே சுக்குக் கஷாயத்துக்குப் பக்குவம் சொன்னாள். மகனுக்கு இருமல் நின்றுவிட்டதாம். நான் என்னத்தைக் கண்டேன்.

அந்தக் காலத்தில் வெள்ளித்துறை என்ற கடற்கரை ஊரில் ஒரு தந்தி ஆபீஸ் இருந்தது. மணல்மேட்டின் மேல் ஓட்டுக் கட்டடம். அதன் பொறுப்பில் இருந்தவர் ஆவுடையப்ப பிள்ளை.

பிள்ளைக்கு ஒரு குரு உண்டு. மாசிலாமணி மாஸ்டர். குருவுக்குச் சீடரைவிடப் பத்து வயது குறைவு. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பிள்ளை, தலை நரைக்கத் தொடங்கிய பிறகு, தந்தி படிக்க வேண்டும் என்று கிளம்பிப் போய் மாஸ்டர் முன்னால் நின்றவர். சீடர் குருவை 'மாஸ்டர்' என்பார். குரு சீடரை 'அண்ணாச்சி' என்பார். யார் காலில் யார் விழுவது என்று குழப்பமாக இருந்ததால் யாரும் யார் காலிலும் விழவில்லை.

முதல் நாளே பிள்ளை ஒரு கேள்வி கேட்டார்.

"நீளக் கம்பி. அதுல எங்கேயோ ஒரு பழுது. உட்கார்ந்த இடத்துல இருந்துக்கிட்டு அதை எப்படி மாஸ்டர் கண்டுபிடிக்க?"

"அளக்கணும்" என்றார் மாஸ்டர்.

மேசை மேல் ஒரு பெட்டியை எடுத்துவைத்தார். உள்ளே கம்பிச் சுருள்கள், மேலே பித்தளை முளைகள். பக்கத்தில் கண்ணாடிக்குள் ஒரு மெல்லிய முள். கம்பியில் ஓடுகிற மின்சாரத்தைக் கம்பியே கொஞ்சம் தடுக்கிறது. எவ்வளவு தடுக்கிறது என்று தெரியாது. பெட்டிக்குள் இருக்கும் சுருள்களின் தடை தெரியும். தெரியாததை ஒரு பக்கம், தெரிந்ததை ஒரு பக்கம் வைத்து, முளைகளை மாற்றி மாற்றிப் போட வேண்டும். முள் நடுவில் அசையாமல் நின்றால் இரண்டும் சமம்.

பிள்ளை மெய்சிலிர்த்துப் போனார். தடைக்கு 'ஓம்' என்று அளவு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டதும் கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டார். சைவர். அவர் அளவெடுக்க மற்றவர்களைவிட நேரம் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

"நியாயம்னா இதுல்லா நியாயம். முள்ளு பொய் சொல்லாது மாஸ்டர்."

"முள்ளு பேசவே பேசாது அண்ணாச்சி. நாமதான் பேசுதோம்."

பிள்ளை இதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படிப்பு முடிந்து, தை மாதத்தில் வெள்ளித்துறைக்கு வந்து பொறுப்பேற்றார். சித்திரைக்குள் கம்பிக்கு நோய் கண்டுவிட்டது.

சேதி தேய்ந்துபோனது. இங்கே தட்டினால் அடுத்த ஊரான நெடும்பனையில் கருவி முனகியது, அவ்வளவுதான். பிள்ளை அளந்தார். தடை கூடியிருந்தது. மறுநாள் அளந்தார். இன்னும் கூடியிருந்தது. வெயில் ஏற ஏற அதுவும் ஏறியது.

கம்பியில் தடை கூடினால் ஒன்றுதான் காரணம் என்று பிள்ளை முடிவுகட்டினார். முடிச்சு. இரண்டு கம்பிகளைச் சேர்க்கும் இடத்தில் ஈயம் உருக்கி ஊற்ற வேண்டும். ஊற்றாமல் வெறுமனே முறுக்கிவிட்டால் துரு ஏறும், தடை கூடும். முடிச்சுப் போடுகிறவன் சூசை.

சூசைதான் அந்தக் கம்பியின் லைன்மேன். தந்தி மரங்களுக்குக் கீழேயே நடந்து, அறுந்ததைக் கட்டி, சாய்ந்ததை நிமிர்த்துகிறவன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: சூசை வாயைத் திறந்தால் பொய். பனங்காட்டில் தூங்கிவிட்டு வந்து, மயில் கூட்டம் ஒன்று கம்பியை ஊஞ்சலாக்கி ஆடிக்கொண்டிருந்தது, முடிகிற வரை காத்திருந்தேன் என்பான். பாதிச் சேதி ஏன் வரவில்லை என்று கேட்டால், மீன்கொத்தி கொத்திக்கொண்டு போய்விட்டது என்பான். தனக்கு எத்தனை பிள்ளைகள் என்பதைக்கூட ஆளுக்கு ஒரு கணக்காகச் சொல்வான்.

வேலை போய்விடக்கூடாது என்ற ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவன் விளையாட மாட்டான். அவனுடைய அண்ணன்மார் இரண்டு பேரையும் கடல் கொண்டுபோய்விட்டது. இனிக் கட்டுமரம் ஏறுவதில்லை என்று அவன் பெண்டாட்டி தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தியம் வாங்கியிருந்தாள். தந்தி வேலை போனால் அந்த ஊரில் அவனுக்குக் கடலைத் தவிர வேறு வேலை கிடையாது.

பிள்ளை அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"முடிச்சுக்கு ஈயம் ஊத்தினியாடா?"

"ஊத்தினேன் ஐயா."

"எல்லாத்துக்கும்?"

"எல்லாத்துக்கும்."

"மயிலு மேல சத்தியமா?"

சூசை சிரிக்கவில்லை. "முடிச்சுல நான் பொய் சொன்னதில்ல ஐயா."

"உன் வாயை நம்பவா, முள்ளை நம்பவா?"

சூசை திரும்பிப் போய், நெடும்பனை வரைக்கும் ஒவ்வொரு முடிச்சையும் சுரண்டி, மறுபடி ஈயம் ஊற்றிவிட்டு வந்தான். பிள்ளை அளந்தார். தடை அப்படியேதான் இருந்தது. பார்க்கப்போனால், ஒரு சொட்டுக் கூடியிருந்தது.

லைன்மேன் வேலை செய்யவில்லை, விலக்கிவிடலாம் என்று பிள்ளை மேலதிகாரித் துரைக்குத் தந்தி அடிக்க உட்கார்ந்தார். அடித்து அடித்து விரல்தான் வலித்தது. அந்தக் கம்பியில் அது போகவில்லை. கடைசியில் மாட்டுவண்டிக்காரன் ஒருவனிடம்தான் சொல்லியனுப்ப வேண்டியிருந்தது.

துரை மாஸ்டரைக் கூப்பிட்டார். "போய்ப் பாரும். பிள்ளை சொல்வது சரியென்றால் அந்த ஆளை இன்றைக்கே நிறுத்திவிடலாம். நெடும்பனையிலிருந்து கேட்கச் சொல்கிறேன். முடிவைச் சொல்லிவிடும்."

மாஸ்டர் விடிந்ததும் வந்து இறங்கினார். சூசை ஆபீஸ் படியில் உட்கார்ந்திருந்தான். வாயில் வெற்றிலை இருந்தது. மெல்லவில்லை.

"என்ன சூசை, மயில் எல்லாம் சௌக்கியமா?"

"இருக்கு மாஸ்டரையா" என்றான். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அவன் பேசாமல் இருந்து மாஸ்டர் பார்த்ததில்லை.

உள்ளே பிள்ளை எல்லாவற்றையும் துடைத்து வைத்திருந்தார். மாஸ்டர் முன்னால் அளந்து காட்டினார். முளைகளைப் போட்டார், எடுத்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். முள் நடுவில் நின்றது.

"சரியா இருக்கா மாஸ்டர்?"

"அளவு சுத்தமா இருக்கு."

"பெட்டியைச் சோதிச்சேன். முள்ளைச் சோதிச்சேன். மின்கலத்தைச் சோதிச்சேன். எல்லாம் சரி. மிச்சம் இருக்கது அவன் முடிச்சுதான்."

மாஸ்டர் தலையாட்டினார்.

"மின்சாரம் இங்கேயிருந்து எப்படிப் போகுது அண்ணாச்சி?"

பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. சின்னப் பிள்ளைக் கேள்வி. "கம்பி வழியாப் போகுது."

"திரும்பி எப்படி வருது?"

"மண்ணு வழியா. ரெண்டு முனையிலயும் செப்புத் தகட்டைப் புதைச்சு, கருவியில இருந்து ஒரு கம்பியை அதுல சேர்த்திருக்கும். போக ஒரு கம்பி போதும், வரதுக்குப் பூமி இருக்கு. நீங்க சொல்லித்தந்ததுதானே."

"நம்ம மண்ணைச் சோதிச்சீங்களா?"

"மண்ணுல சோதிக்க என்ன இருக்கு மாஸ்டர்? எங்கே பார்த்தாலும் மண்ணுதான்."

மாஸ்டர் எழுந்து ஆபீஸின் பின்பக்கம் போனார். பிள்ளையும் பின்னால் போனார்.

அங்கே ஒரு பூவரசு மரம் நின்றது. அதைச் சுற்றி, ஆபீஸ் சுவரோடு சேர்த்து, உடைமுள் வேலி. நெருக்கமாக, நேராக, நூல் பிடித்து அடைத்த வேலி. அதற்குள் மணல் வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்தது.

"இது எப்போ போட்டது?"

"நான் வந்த மாசமே போட்டுட்டேன். அதை ஏன் கேட்கீங்க." பிள்ளையின் முகம் சுருங்கியது. "கரையில இருந்து மீன்கூடையைத் தூக்கிக்கிட்டு வாற பொம்பளைங்க எல்லாம் மேடேறினதும் இந்த நிழல்லதான் இறக்குவாளுக. கூடையைக் கடல் தண்ணியில அலசி அலசி இங்கேயே கொட்டுவாளுக. ஜன்னலைத் திறக்க முடியாது. நான் பூண்டுகூடச் சேர்க்காதவன் மாஸ்டர். வந்த புதுசுல சோறு இறங்கல. மெலிஞ்சு போனேன்."

"மெலிஞ்சுதான் போயிருக்கீங்க" என்றார் மாஸ்டர். கேலியாகச் சொல்லவில்லை.

"இப்ப நிம்மதி. அந்தப் பக்க ஜன்னலையும் ஆணியடிச்சுட்டேன்."

மாஸ்டர் குனிந்து மணலை ஒரு பிடி அள்ளினார். விரலிடுக்கில் அது மாவு போல வழிந்தது.

"அண்ணாச்சி, நீங்க உள்ளே போயி முள்ளுக்கு முன்னால உட்காருங்க. நான் கூப்பிடுத வரைக்கும் எந்திரிக்கப்படாது. முள்ளு விலகினா விலகின பக்கம் பார்த்து முளையை மாத்திக்கிட்டே இருங்க."

"எதுக்கு மாஸ்டர்?"

"நீங்க எனக்குக் குருதட்சிணை தரலைல்லா. அதுக்குப் பதிலா வச்சுக்கிடுங்க."

பிள்ளை உள்ளே போய் உட்கார்ந்தார். வெளியே மாஸ்டர் சூசையைக் கூப்பிடுவது கேட்டது. ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். "சட்டுனு போயிட்டு வா" என்பது மட்டும் தெளிவாக விழுந்தது. சூசை மணலில் ஓடும் சத்தம். முடிச்சுகளைப் பார்க்க அனுப்புகிறார் என்று பிள்ளை நினைத்துக்கொண்டார். மாஸ்டரே பக்கத்தில் நின்று சொன்னால்தான் வேலை செய்வான், கள்ளப் பயல்.

முள் நடுவிலேயே நின்றது. பிள்ளை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே மாஸ்டர் வேலியில் ஒரு முள்கொத்தை மட்டும் உருவிப் போட்டு வழி செய்தார். சூசை திரும்பி வந்தான். அவன் பின்னால் மீன்காரப் பெண்கள், எல்லோருக்கும் முன்னால் சவேரியம்மா. மாஸ்டரை அவளுக்கு முன்பே தெரியும். இந்த ஆபீஸைக் கட்டியபோது இரண்டு மாதம் அவர் இங்கேதான் இருந்தார்.

"என்ன மாஸ்டரையா, எங்களைத் தேடி ஆள் விட்டிருக்கிய? பிள்ளைவாளுக்கு எங்க நாத்தம் இல்லாம உறக்கம் வரலையோ?"

"கூடையை இறக்கு சவேரியம்மா."

"எதுக்கு? வெயில்ல நிக்க வச்சு வேடிக்கை பார்க்கவா? நிழல் இருக்க இடத்துல எல்லாம் முள்ளை வச்சு அடைச்சாச்சு. தை மாசத்துல இருந்து இந்த மேட்டுல நாங்க மூச்சு வாங்கக்கூட நிக்கதில்ல."

"இப்ப நிழல்ல நில்லு. முன்ன எப்படி அலசுவியோ அப்படி அலசு. அதே இடத்துல."

"பிள்ளைவாள் வைவாரே."

"வையட்டும். நான் வாங்கிக்கிடுதேன்."

சவேரியம்மா கூடையை இறக்கினாள். இடுப்புக் குடத்திலிருந்து கடல் தண்ணீரைச் சாய்த்து அலசிக் கொட்டினாள். அடுத்தவள் கொட்டினாள். அதற்கடுத்தவள் கொட்டினாள். சேர்ந்திருந்த பேச்செல்லாம் அவர்களுக்கு அந்த நிழலைக் கண்டதும் வந்துவிட்டது. யார் வீட்டுக் கல்யாணம், யார் வலை கிழிந்தது என்று அது ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தது. காய்ந்த மணல் தண்ணீரைச் சத்தமில்லாமல் குடித்தது. எவ்வளவு தாகம் என்று கேட்டால், அன்றைக்குக் கடலே ஒரு முழம் உள்வாங்கியது என்பார்கள் சூசை வகையறா.

உள்ளே முள் விலகியது.

பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். முளையை மாற்றினார். முள் நடுவுக்கு வந்தது. மறுபடி விலகியது. மறுபடி மாற்றினார். கன்னத்தில் போட்டுக்கொள்ள நேரமில்லை.

மாஸ்டர் வாசலில் வந்து நின்றார்.

"இறங்குது மாஸ்டர்."

"எது?"

"தடை. விறுவிறுன்னு இறங்குது. பாருங்க, நான் சொன்னேன்ல்லா. நீங்க ஒரு வார்த்தை சொன்னதும் அந்தப் பய முடிச்சை ஒழுங்காப் போடுதான். அப்போ இத்தனை நாளா என்ன செஞ்சான்?"

"யாரு, சூசையா?"

"வேற யாரு?"

"அவன் இந்தா, படியில உட்கார்ந்திருக்கான்."

பிள்ளை எட்டிப் பார்த்தார். சூசை படியில்தான் இருந்தான். கால்களில் மணல் ஒட்டியிருந்தது. கம்பியை அண்ணாந்துகூடப் பார்க்காமல், உள்ளே என்ன முடிவாகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பிள்ளை முள்ளைப் பார்த்தார். அது இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் வந்தது அந்த வாடை. ஆணியடித்த ஜன்னலின் இடுக்கு வழியாக, முதலில் மெல்லிசாக, பிறகு தாராளமாக. சாளை மீனும் உப்புத் தண்ணீரும் கலந்த வாடை. பிள்ளையின் கை மூக்குக்குப் போனது. பாதி வழியில் நின்றது.

ஒரு கூடை அலசிக் கொட்டும் சத்தம் கேட்டது. முள் ஒரு மயிரிழை நகர்ந்தது.

இன்னொரு கூடை. இன்னொரு மயிரிழை.

பிள்ளை முளைகளிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"மாஸ்டர். அந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மண்ணுக்குள்ள என்ன இருக்கு?"

"நம்ம செப்புத் தகடு."

"யாரு அதைப் போயி அங்கே புதைச்சது?"

"நான்தான். ஊரெல்லாம் சுத்திப் பார்த்தேன். இந்த மணல்மேட்டுல வருஷம் பூரா ஈரமா இருந்தது அந்த ஒரு இடம்தான். அதுவும் உப்பு ஈரம். மின்சாரத்துக்கு அது ராஜபாட்டை."

"என்கிட்ட சொல்லலையே."

"சொல்லல" என்றார் மாஸ்டர். "ஈரம் இருக்கையில யாரு அண்ணாச்சி அதை நினைச்சுப் பார்க்கா? நானே அந்த வேலியைப் பார்த்த பிறகுதான் நினைச்சேன்."

பிள்ளை மறுபடி முள்ளைப் பார்த்தார்.

"நான் பள்ளிக்கூடத்துல விடையைத் தப்பாப் போட்ட பிள்ளைகளை அடிச்சிருக்கேன் மாஸ்டர். இப்ப கூட்டினது சரி, கழிச்சது சரி, விடை தப்பு."

"அளவு தப்பில்லை. நீங்க அளந்தது சுத்தம்."

"அப்போ?"

மாஸ்டர் பதில் சொல்வதற்குள் கருவி பேசத் தொடங்கியது. கணீரென்று. தை மாதத்துக்குப் பிறகு அந்த ஆபீஸில் அப்படிச் சத்தம் கேட்டதில்லை. சூசை படியிலிருந்து எழுந்தான். அவனுக்குத் தந்தி பாஷை தெரியாது. பிள்ளையின் முகத்தைப் பார்த்தான்.

நெடும்பனை கேட்டது: துரை காத்திருக்கிறார். பழுது எங்கே. லைன்மேனை என்ன செய்ய.

பிள்ளை மாஸ்டரைப் பார்த்தார். "நீங்க உட்காருங்க மாஸ்டர். உங்ககிட்டதானே கேட்கச் சொன்னாரு."

"நீங்கதான் அளந்தது. நீங்களே சொல்லுங்க. இப்ப கம்பி நல்லாயிருக்கு. எதைச் சொன்னாலும் சுத்தமாப் போய்ச் சேரும்."

பிள்ளையின் விரல் தந்தி தட்டும் கட்டையின் மேல் நின்றது. எதைச் சொன்னாலும் போய்ச் சேரும் என்பது உண்மைதான். விரல் வலிக்க வலிக்க அடித்தும் போகாத அந்தப் பழைய சேதிகூட இப்போது ஒரே மூச்சில் போய்விடும். மீன் தண்ணீர் ஏறிய மண் வழியாக ஜம்மென்று போகும்.

அவர் அடித்தார். மாஸ்டர் காதால் படித்தார்.

பழுது வெள்ளித்துறை ஆபீஸ் மண்ணில். முடிச்சுகள் சுத்தம். லைன்மேன் இருக்கட்டும்.

வாசலைப் பார்த்து, "டேய் சூசை" என்றார்.

"ஐயா."

"உன் முடிச்சுல குத்தமில்லைன்னு அடிச்சிருக்கேன்."

சூசை தலையைக் குனிந்துகொண்டான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வாயிலிருந்த வெற்றிலையை மெல்லத் தொடங்கினான். இரண்டு மெல்லு மென்றதும் அவனுக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது.

"முதல்லயே சொல்லணும்னு இருந்தேன் ஐயா. மண்ணுக்குள்ள ஒரு நண்டுக் கூட்டம்..."

"வாயை மூடுடா" என்றார் பிள்ளை. கோபமாகச் சொல்லவில்லை.

வெளியே பெண்கள் கூடைகளைத் தலையில் ஏற்றினார்கள். பேச்சு மேட்டை விட்டு இறங்கித் தேய்ந்து போனது. மரத்தடியில் ஈர மணல் மட்டும் கறுத்துக் கிடந்தது. மாஸ்டர் உருவிப் போட்ட முள்கொத்து அதன் பக்கத்தில் கிடந்தது. மற்ற வேலி அப்படியே நின்றது. சூரியன் பூவரசுக்கு மேலே ஏறிவிட்டது.

கருவி மறுபடி பேசியது. நெடும்பனை கேட்டது: பழுது நீங்கிற்றா.

பிள்ளை கட்டையில் கைவைத்தார். பிறகு தயங்கினார்.

"நீங்கிருச்சுன்னு அடிக்கட்டுமா மாஸ்டர்?"

மாஸ்டர் ஆணியடித்த ஜன்னலைப் பார்த்தார்.

"சித்திரை வெயில்லா அண்ணாச்சி. அந்த மண்ணு எவ்வளவு நேரம் நனைஞ்சிருக்கும்?"

பிள்ளை கட்டையிலிருந்து கையை எடுத்தார். கருவி இரண்டு முறை கேட்டது. அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, முள் பிடுங்கப் பின்பக்கம் போனார்.